பதினெட்டாம் வரிசையில் ஒரு பானை

ஒத்தவேலங்குடியில் எட்டு நாள் தீ பிடிக்காமல் போன கதையை அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டால், ஒரு வருஷம் ஏரி உடைந்ததையும் ஒரு வருஷம் வெட்டுக்கிளி வந்ததையும் சொல்வது மாதிரி சாதாரணமாகத்தான் சொல்வார்கள். யார் வீட்டு அடுப்பு முதலில் அணைந்தது, யார் அந்த எட்டு நாளில் பீடியை விட்டவர், விட்டவரில் யார் ஒன்பதாம் நாள் திரும்பப் பிடித்தவர் என்பதில் எல்லாம் சண்டை வருமே தவிர, தீ எப்படிப் பிடிக்காமல் போகும் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். கேட்கவேண்டியதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கேட்பது அந்த ஊரின் பழக்கம், அந்தப் பழக்கத்தில்தான் தீயும் போனது. ஆகவே நாம் பவளக்கொடியிலிருந்து தொடங்கலாம்.

பவளக்கொடிக்கு வயது முப்பத்தெட்டு. திருச்சிக்குக் கிழக்கே இருந்த அந்த ஊரின் ரோட்டோரமாக வரிசையாக நிற்கும் பட்டறைகளில் இரும்பை ஒட்டுகிறவர்கள் முப்பது பேர் இருந்தார்கள். எவர்சில்வரை ஒட்டுகிறவள் அவள் ஒருத்திதான். பால் டாங்கி, கல்யாண மண்டபத்து அண்டா, ஆஸ்பத்திரித் தொட்டி எல்லாம் அவள் கைக்குத்தான் வரும். அதற்கு ஆர்கான் வெல்டிங் என்று பேர். ஆர்கான் என்பது ஒரு வாயு, ஆளுயர சிலிண்டரில் வரும், எரியாது, எரியவும் விடாது, மணக்காது, எதோடும் சேராது. உருகும் உலோகத்தைச் சுற்றி வாசற்காவல் மாதிரி நின்றுகொண்டு வெளிக்காற்றை உள்ளே விடாமல் தடுக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. இரண்டு தகடும் கறுக்காமல் ஒன்றாகச் சேர்ந்த பிறகு அது வந்த சுவடு தெரியாமல் போய்விடும். ‘சோம்பேறிக் காத்து’ என்று பட்டறைக்காரர்கள் அதைக் கேலி செய்வார்கள். பவளம் மட்டும் அப்படிச் சொன்னதில்லை. பதினாறு வருஷமாக ஊருக்கெல்லாம் அண்டா ஒட்டிக் கொடுத்துவிட்டு, யாரோடும் ஒட்டாதவள் என்று பேர் வாங்கியிருந்த அவளுக்கு, அந்த வாயு ஏதோ தூரத்துச் சொந்தம் மாதிரி தோன்றும்.

கல்யாணம் அவள் செய்துகொள்ளவில்லை. தோஷமும் இல்லை, காதல் தோல்வியும் இல்லை, அவளுக்கு வேண்டாம் என்று இருந்தது, வேண்டாம் என்றாள். இந்தக் காரணம் ஊருக்குப் போதவில்லை. அவர்களாக நாலு காரணம் வைத்திருந்தார்கள்.

அந்த ஊர் அம்மனுக்கு ஒண்டியாயி என்று பேர். ஊரின் கிழக்கு எல்லையில், கூரை இல்லாமல், பக்கத்தில் ஒரு பரிவார தேவதைகூட இல்லாமல், வெயிலிலும் மழையிலும் ஒற்றையாக நிற்பாள். சித்திரையில் காப்புக் கட்டி எட்டாம் நாள் பொங்கல். கோயில் திடலில் சுண்ணாம்புக் கோட்டால் கட்டம் போட்டு, முன்பின்னாக ஏழு, பக்கவாட்டில் பதினேழு என்று பானைகள் உட்காரும். ஒரு தலைக்கட்டுக்கு ஒரு கட்டம். தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆம்பளை ஒருவன் தலைமையில் ஒரு குடும்பம். ஊர் தன்னை எண்ணிக்கொள்வது அந்தக் கணக்கில்தான். காப்புக் கட்டுகிற அன்றே எல்லோரும் பானையைக் கொண்டுவந்து கட்டத்தில் வைத்து ஒரு திரியும் ஏற்றிவிட வேண்டும். பூசாரி அம்மன் முன் பிறப்பித்த நெருப்பை முதல் கட்டத்துக்காரர் வாங்குவார், அவரிடமிருந்து அடுத்த கட்டத்துக்காரர் வாங்குவார், இப்படியே கைமாறிக் கைமாறிக் கடைசிவரை போகும். வாங்குகிறவர் “தீ உண்டா?” என்று கேட்க வேண்டும். கொடுக்கிறவர் “உண்டு, வாங்க” என்று சொல்ல வேண்டும். இந்த இரண்டு வாக்கியமும் சொல்லாமல் எடுத்த தீ, தீ இல்லை.

மூன்றாம் வரிசை பதினோராம் கட்டம் பவளத்தின் அப்பா சுப்பையாவுடையது. அம்மா போனபிறகு இருபது வருஷம் அம்மாவின் பானையை அந்தக் கட்டத்தில் பவளம்தான் வைத்தாள். ஐப்பசியில் அப்பாவும் போனார். சித்திரையில், காப்புக் கட்டும் நாளில், விளக்கிக் கழுவி மஞ்சள் கட்டிய பித்தளைப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் போனபோது, அந்தக் கட்டத்தில் வேறு பானை இருந்தது. தை மாசம் கல்யாணமான ஒரு புதுத் தலைக்கட்டுக்கு அதை ஒதுக்கிவிட்டார்கள். பவளம் பத்தாம் கட்டத்தில் நின்ற செல்லக்கண்ணு அக்காவைப் பார்த்தாள். இருபது வருஷமாக அவள் தீ வாங்கியது அந்த அக்காவிடம்தான்.

“தீ உண்டாக்கா?” என்றாள்.

செல்லக்கண்ணு ஊர்த் தலைவரான பெரியதனக்காரரைப் பார்த்தாள். அப்புறம் தன் திரியைப் பார்த்தாள். அப்புறம் பானையின் கழுத்தில் இல்லாத தூசியைத் துடைத்தாள்.

பெரியதனக்காரர் ராமையா முதல் வரிசையிலிருந்து வந்தார். கெட்டவர் இல்லை, கணக்கில் நம்பிக்கை உள்ளவர். “தாயி, மனசு சங்கடப்படாத. உங்கப்பன் இருந்தவரைக்கும் உங்க வீடு தலைக்கட்டு. இப்ப எப்படி? தலைக்கட்டுன்னா கொடுக்கல் வாங்கல் இருக்கணும்ல. பொண்ணு கொடுக்கணும், பொண்ணு எடுக்கணும். நீ யாருகிட்ட வாங்கி, யாருக்குக் கொடுப்ப? அந்தப் பக்கம் நின்னு கும்பிட்டுக்க, ஆயி வேணாம்னா சொல்லப்போறா?”

“எங்கம்மா பானை பெரியப்பா,” என்றாள் பவளம்.

“பானையை வீட்ல வச்சுக்க தாயி, யாரும் கேக்க மாட்டாங்க.”

பவளம் அழவில்லை. பானையைத் திரும்ப இடுப்பில் ஏற்றிக்கொண்டு மிச்ச நாலு வரிசையையும் கடந்து நடந்தாள். அவள் கடைசிச் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியபோது, அதற்குள் ஏற்றியாகியிருந்த நூற்றுப் பத்தொன்பது திரியும், காற்று அசையாத நேரத்தில், ஒன்றாக அணைந்தன.

பூசாரி மூக்கையா கற்பூரத்தைப் பற்றவைத்தார். பற்றவில்லை. தீப்பெட்டியை மாற்றினார்கள், மூன்று பெட்டி காலியானது, குச்சி மருந்து உரசி உரசித் தேய்ந்ததே தவிர ஒரு பொறி வரவில்லை. லைட்டர் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு ஓடிய பெண்கள் காஸ் அடுப்பு ‘புஸ்’ என்கிறது, பிடிக்கமாட்டேன் என்கிறது என்று திரும்பி வந்தார்கள். மதியத்துக்குள் விஷயம் தெளிவாகிவிட்டது: வடக்கே வாய்க்கால் பாலம், தெற்கே எல்லைக்கல், கிழக்கே ஆயி, மேற்கே ரோடு, இதற்குள் எதுவும் எரியாது. மூச்சு முட்டவில்லையா என்று வெளியூரில் கேட்கிறார்கள். முட்டவில்லை. முட்டியிருந்தால் கதை சொல்ல யார் இருப்பார்கள்?

ஊர் இரண்டு நாள் திகைத்தது, மூன்றாம் நாள் பழகிக்கொண்டது. பெட்ரோலும் எரியாததால் வண்டிகளை எல்லைக்கல்வரை தள்ளிக்கொண்டு போய் அங்கே உதைத்துக் கிளப்பினார்கள். காலையில் எல்லைக்கல் பக்கம் பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆகிவிட்டது. கல்லுக்கு அந்தப் பக்கம் டீக்கடை பெஞ்சு இடம் மாறியது. பாய்லர் அங்கே, குடிக்கிற ஆள் இங்கே, கிளாஸ் மட்டும் எல்லை தாண்டிப் போய் வந்தது. மின்சாரத்துக்கு எந்தக் குறையும் இல்லாததால் கரண்ட் அடுப்பு வாங்க ஒரு கூட்டம் துவாக்குடிக்குப் போனது. நறுக்கிய கத்தரிக்காய் கறுக்கவில்லை. அரிவாளில் துரு ஏறவில்லை. பாட்டன் காலத்து இரும்புப் பெட்டிகூட துரு பரவாமல் அப்படியே நின்றது. கொசுவத்தி எரியாததால் கொசு மட்டும் சந்தோஷமாக இருந்தது.

குரல்தான் எல்லோரையும் படுத்திவிட்டது. காற்று கனத்துப் போனதால் ஊரே கட்டைக் குரலில் பேசியது. தொட்டில் பிள்ளைகள் கிழவர்கள் மாதிரி அழுதன. பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆத்திசூடி சொன்னபோது வாசலில் போனவர்கள் பஜனை நடக்கிறது என்று நினைத்தார்கள். கும்மிப் பாட்டுக்கு நின்ற பெண்கள் முதல் அடியைப் பாடிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள், அந்தச் சிரிப்பும் இடி உருளுகிற மாதிரி கேட்கவே, இன்னும் சிரித்தார்கள். ராமையா பஞ்சாயத்தில் ஒரு அதட்டல் போட்டார். கட்டுத்தறியில் நின்ற காளை பதில் கொடுத்தது.

ஆனால் சிரித்து முடிக்க முடியாத ஒன்று இருந்தது. காப்புக் கட்டியாகிவிட்டது. கட்டிய காப்பைப் பொங்கல் பொங்காமல் அவிழ்க்க முடியாது; அவிழ்க்கும்வரை ஊர்க்காரர்கள் வெளியூரில் இரவு தங்கக்கூடாது, ஊருக்குள் கல்யாணம் கூடாது, கறி கூடாது, முகச்சவரம்கூடக் கூடாது. கரண்ட் அடுப்பில் பொங்கலாமே என்று ஒருவர் சொன்னதற்குப் பூசாரி ஒரேயடியாக மறுத்துவிட்டார். “வெளிச்சம் பொறக்கணும்யா. திடல்ல, ஆயி கண்ணு முன்னால பொறக்கணும். அதைக் கையால வாங்கிக் கையால கொடுக்கணும். அந்த அடுப்பு கறுப்புக் கண்ணாடி, அதுல என்னத்த வாங்கிக் கொடுப்ப?”

நாலாம் நாள், ஆளுக்கு ஆள் யோசித்ததில், பவளம்தான் சிலிண்டரைத் திறந்து விட்டுவிட்டாள் என்று ஒரு பேச்சு எழும்பியது. எரிய விடாத வாயு அவளிடம்தானே இருக்கிறது? பத்துப் பேர் பட்டறைக்கு வந்தார்கள். பவளம் சிலிண்டரின் மீட்டரைக் காட்டினாள். முள் பூஜ்யத்தில் கிடந்தது.

“சித்திரை பொறந்ததுலேருந்து காலி. ஏஜென்சிக்காரன் இன்னும் அனுப்பலை,” என்றாள். “ஒரு சிலிண்டரைத் திறந்தா இந்தப் பட்டறை நிறையும். ஊரை நிறைக்கணும்னா லாரி லாரியா வேணும். அவ்வளவு வசதி இருந்தா நான் ஏன் உங்க அண்டாவுக்கெல்லாம் மூக்கு வச்சுக்கிட்டு இருக்கேன்?”

கட்டைக் குரலில் அவள் சொன்னது சாமி வாக்கு மாதிரி ஒலித்தது. வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

அவர்கள் போனபிறகு, வேறு வேலை ஓடாமல், அரைகுறையாகக் கிடந்த ஒரு பால் டாங்கியின் முன்னால் அவள் உட்கார்ந்தாள். கைப் பழக்கத்தில் முகமூடியை இறக்கி, வெல்டிங் டார்ச்சை எடுத்துத் தகட்டின் அருகே கொண்டுபோனாள். வாயு இல்லாமல் ஒட்டினால் உலோகம் கரியாகக் கொப்பளிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் கை நிற்கவில்லை. இளம் ஊதா நிறத்தில் ஒரு வெளிச்சம் எழுந்தது. ஊரில் நாலு நாளாக ஒருவரும் பார்க்காத வெளிச்சம். அதன் அடியில் எவர்சில்வர் உருகி, பதினாறு வருஷத்தில் அவள் கை போடாத அழகில், வெள்ளிக்காசு அடுக்கின மாதிரி, ஒரு கறை இல்லாமல் ஒட்டிக்கொண்டது. பவளம் முகமூடியைத் தூக்கிவிட்டு ஒட்டின தடத்தைப் பார்த்தாள், காலிச் சிலிண்டரைப் பார்த்தாள், பிறகு வாசலுக்கு வந்து நின்று ஊரின் காற்றை ஒரு மூச்சு இழுத்தாள். ‘நீயா?’ என்று அந்த வாயுவைக் கேட்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

இதைச் சொல்ல அவளுக்கு ஒரே ஆள்தான் இருந்தது. மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிற எஸ்தர் டீச்சர், ஒன்பது வருஷமாக அந்த ஊரில் வாடகைக்குக் குடியிருந்து, ஊரின் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடம் சொல்லி, ஊரின் எந்தக் கணக்கிலும் வராதவள். பவளத்தின் வயதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து மீன் வாங்கப் போவார்கள். டீச்சர் பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கிய தனிம அட்டவணையைக் கழற்றிக்கொண்டுவந்து பட்டறைத் தரையில் விரித்தாள்.

“இதைப் பாரு,” என்றாள். “ஏழு வரிசை. இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம்வரைக்கும் எல்லாம் கொடுக்கல் வாங்கல்காரங்க. இவங்க எலக்ட்ரானைக் கொடுப்பாங்க, அவங்க வாங்குவாங்க, அதுலதான் உப்பு, தண்ணி, துரு, நெருப்பு எல்லாம். இதோ, வலது ஓரம், மேலேருந்து கீழே, பதினெட்டாவது வரிசை. ஹீலியம், நியான், உன்னோட ஆர்கான், கிரிப்டான், செனான், ரேடான். இவங்களுக்குக் கொடுக்கவும் வேணாம், வாங்கவும் வேணாம். வெளிவட்டத்துல எட்டு இருக்கணும், இருக்கு. ஹீலியத்துக்கு மட்டும் ரெண்டே போதும். நிறைஞ்சவங்க.”

“நல்ல எடமாத்தான் கொடுத்திருக்காங்க,” என்றாள் பவளம், அந்த ஓரத்தை விரலால் தடவிக்கொண்டு.

“முதல்ல இந்த எடமே கெடையாது. அட்டவணை போட்டப்போ இவங்க இருக்கிறதே யாருக்கும் தெரியாது. காத்துல நூத்துக்கு ஒரு பங்கு ஆர்கான், கொஞ்சம் குறைய. எல்லாரும் பொறந்ததுலேருந்து அதை மூச்சுல இழுத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. ஒருத்தர் காத்துல இருந்த எல்லாத்தையும் எரிச்சுக் கழிச்சுப் பார்த்தார், ஒரு சின்னக் குமிழி மட்டும் மிச்சம் நின்னுச்சு. அது என்னன்னு நூறு வருஷம் யாரும் கேக்கலை. அப்புறம் எடை போட்டப்போ கணக்கு உதைச்சது. அட்டவணை போட்ட பெரிய மனுஷரே இதை ஒத்துக்கலை, இப்படி ஒரு ஆள் இருக்க முடியாதுன்னார். கடைசியில வேற வழியில்லாம ஒரு வரிசையே புதுசாச் சேர்த்தாங்க. அதுக்கும் முதல்ல என்ன பேர் தெரியுமா? பூஜ்ய வரிசை.”

“ஒண்ணும் கொடுக்கவே கொடுக்காதா டீச்சர், இதெல்லாம்?”

“கொடுக்காதுன்னுதான் அறுபது வருஷம் எல்லாரும் பாடம் எடுத்தாங்க. ஒருத்தர் செனானைக் கேட்டுப் பார்த்தார். ஒட்டிக்கிச்சு.” எஸ்தர் டீச்சர் சிரித்தாள், அவள் சிரிப்பும் தவில் மாதிரி கேட்டது. “அதுவரைக்கும் கேக்கிற விதமா யாரும் கேக்கலை, அவ்வளவுதான்.”

பவளம் அன்று முழுக்க அந்த அட்டவணைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் ராமையா சும்மா இருக்கவில்லை. எல்லைக்கு வெளியே மூட்டிய தீப்பந்தத்தை ஓட்டமாக ஓடி உள்ளே கொண்டுவரச் சொன்னார். எல்லைக்கல்லில் கால் வைத்ததும் பந்தம் பணிந்து அணைந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் விளக்கு வைத்துக் கொண்டுவந்தார்கள். கூண்டைத் திறந்ததும் போயிற்று. இரும்புப் பட்டறைக்காரர்களைக் கூப்பிட்டார். அவர்களுடைய வெல்டிங் ராடின் மேல்பூச்சு எரிந்தால்தான் வேலை நடக்கும். பூச்சு எரியாமல் ராடு தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஏழாம் நாள் காலையில், சவரம் செய்யாத தாடியைச் சொறிந்துகொண்டு, பூசாரி மூக்கையாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, அவரே பவளத்தின் பட்டறைக்கு வந்தார். எவர்சில்வர்ப் பட்டறையில் மட்டும் ஊதா வெளிச்சம் வருகிறது என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

“தாயி, ஊர்க் காரியம்,” என்றார்.

“ஊர்லதான் நான் இல்லையே பெரியப்பா.”

ராமையா ஸ்டூலில் உட்கார்ந்தார். “சரி, நீயும் பானை வச்சுக்க. பின்னால, செருப்புக் கழட்டிப் போடுற எடத்துக்குப் பக்கத்துல ஒரு ஓரமா...”

“பூஜ்ய வரிசையா?”

“என்னது?”

“ஒண்ணுமில்லை. அது வேணாம்.” பவளம் எழுந்துபோய்த் தரையில் விரித்திருந்த அட்டவணையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். “பதினேழு கட்டத்துக்கு அந்தப் பக்கம், கிழக்கோரம், ஆயிக்குப் பக்கத்துல பதினெட்டாவதா, முன்பின்னா ஒரு வரிசை போடுங்க. எனக்கு மட்டும் இல்லை. ஏழு கட்டம். எங்கம்மா பானை மூணாவதுல. இரவல் எடமா வேணாம், உங்க கையால கோடு போட்டு, பேர் எழுதி, ஏட்டுல ஏத்தணும்.”

“அதெப்படித் தாயி? புருஷன் இல்லாத வீட்டுக்குத் தலைக்கட்டுன்னு எந்த ஊர்ல இருக்கு?”

“ஒண்டியாயி எந்தத் தலைக்கட்டு பெரியப்பா?”

ராமையா பூசாரியைப் பார்த்தார், பூசாரி ஏதாவது சொல்லிக் காப்பாற்றுவார் என்று. நாற்பது வருஷமாக ஊருக்கெல்லாம் திருநீறு கொடுத்த மூக்கையா, கல்யாணம் செய்யாமல் ஆயிக்கே கிடந்துவிட்டவர், தன் காய்ந்த கையைப் பார்த்துக்கொண்டு, “எனக்கும் ஒரு பானை வைக்கணும்னு ஆசைதான்யா,” என்றார். “நீங்க கேக்கலை. நானும் சொல்லலை.”

அந்தக் கணத்தில் ராமையாவின் முகம் போன போக்கைப் பிற்பாடு பவளம் எத்தனையோ தடவை எஸ்தர் டீச்சரிடம் நடித்துக் காட்டியிருக்கிறாள். இருபது வருஷமாக அவர் பார்த்துவந்த கணக்கில் ஆயியே சேரவில்லை என்பது அந்த மனுஷருக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து, வேட்டியை இறுக்கிக்கொண்டு, சுண்ணாம்பு வாளி எங்கே என்று கேட்டார்.

எட்டாம் நாள் விடிந்தபோது திடலின் கிழக்கோரத்தில் ஏழு புதுக் கட்டங்கள் இருந்தன. கோடு கோணலாக இருந்தது, ராமையா குனிந்து கோடு போட்டுப் பழக்கமில்லாதவர். முதல் கட்டத்தில் மூக்கையா புது மண்பானையோடு நின்றார். எஸ்தர் டீச்சர் கழுத்துச் சிலுவையைச் சேலைக்குள் தள்ளவா வெளியே விடவா என்று யோசித்து, வெளியே விட்டுவிட்டு வந்து நின்றாள். வருஷாவருஷம் கரகம் எடுத்து ஆடிவிட்டு ஓரமாக உட்காரும் திருநங்கை மாதவி வந்தாள். சிங்கப்பூர் போன புருஷன் திரும்பாததால் சுமங்கலியா இல்லையா என்று ஊரால் முடிவுகட்ட முடியாத வேலம்மாள் வந்தாள். கல்யாணமே ஆகாமல் கிழவராகிவிட்ட இன்னும் ஒருவர் வந்தார். ஆக ஆறு பானை ஆனது. கடைசிக் கட்டத்தை இன்னும் வராத யாருக்கோ என்று விட்டுவைத்தார்கள். மூன்றாம் கட்டத்தில் பவளம் அம்மாவின் பானையை வைத்தாள்.

பட்டறையிலிருந்து மின்கம்பி இழுத்திருந்தது. அவள் தன் அடுப்புக் கற்களுக்கு நடுவில் கட்டைவிரல் கனத்தில் ஓர் இரும்புக் கம்பியைப் படுக்கவைத்து, மேலே பனையோலையைப் பரப்பி, எர்த் கிளாம்ப்பைக் கம்பியில் கவ்வவிட்டாள். முகமூடியைத் தலையில் மாட்டிக்கொண்டு ஊரைப் பார்த்துத் திரும்பினாள்.

“எல்லாரும் கண்ணை மூடிக்குங்க,” என்றாள். “நான் சொல்ற வரைக்கும் திறக்கக் கூடாது. இந்த வெளிச்சத்தைப் பார்த்தா ராத்திரி கண்ணுல மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி எரியும்.”

நூற்றுப் பத்தொன்பது தலைக்கட்டும், குஞ்சு குளுவானோடு, முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றது. பதினாறு வருஷமாக அவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த ஊர், ஒரு கண் மிச்சமில்லாமல் மூடியிருந்தது. பவளம் டார்ச்சை இறக்கினாள். இளம் ஊதா வெளிச்சம் எழுந்து, பானையின் வயிற்றில் பட்டு, ஒண்டியாயியின் முகத்தில் பட்டு, மூடின இமைகளுக்குள்ளும் புகுந்தது. கம்பி சிவந்தது, மஞ்சளானது, வெள்ளையானது. ஓலை சுருண்டது. ஆனால் தீ பிடிக்கவில்லை.

பவளம் விடவில்லை. மணிக்கட்டு வலிக்க வலிக்கக் கம்பியின் நீளத்துக்கும் வெளிச்சத்தை நகர்த்தினாள். ஓலை கருகினதே தவிர ஒரு சுடர் வரவில்லை. கோடு போட்டாயிற்று, பேர் எழுதியாயிற்று, இன்னும் என்ன என்று அவளுக்குப் புரியவில்லை. முகமூடிக்குள் கண் நிறைந்துவிட்டது. அம்மா, இதற்குமேல் எனக்குத் தெரியாது என்று அவள் மனசுக்குள் சொன்னாள்.

முதல் வரிசை முதல் கட்டத்தில் கண்ணை மூடி நின்ற ராமையாவுக்கு, காதுதான் வேலை செய்தது. ஓலை படபடக்கும் சத்தத்துக்காக அவர் காத்திருந்தார், வரவில்லை. எங்கோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று கணக்குப் பார்க்கிற புத்தி சொன்னது. பூசாரி பிறப்பித்தார் என்றால் முதல் கட்டம் கேட்கும், முதல் கட்டத்தை இரண்டாம் கட்டம் கேட்கும், இன்று பிறந்த இடத்தில் போய் யார் கேட்டது? ஒருவரும் கேட்கவில்லை. ராமையா, “ஏம்ப்பா, அந்த இன்னொரு முகமூடி எங்க?” என்று கத்தினார். பவளத்தின் பட்டறையிலிருந்து வந்த பழைய முகமூடியை யாரோ தடவிப் பிடித்துக் கையில் கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு, கையில் காய்ந்த தென்னம்பாளையோடு, வேட்டி தடுக்க, ஊர்ப் பெரியதனக்காரர் பதினேழு கட்டத்தையும் கடந்து மேற்கிலிருந்து கிழக்கே நடந்தார். கறுப்புக் கண்ணாடிக்குள் அவருக்கு ஊர் தெரியவில்லை, பானைகள் தெரியவில்லை, அந்த ஒரு வெளிச்சமும் அதைப் பிடித்திருந்த கையும் மட்டும் தெரிந்தன.

பதினெட்டாம் வரிசையின் கோட்டுக்கு வெளியே நின்றார். பாளையை நீட்டினார்.

“தீ உண்டா தாயி?” என்றார்.

பவளம் டார்ச்சை எடுக்காமல் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“உண்டு, வாங்க பெரியப்பா.”

‘வாங்க’ என்ற அந்தச் சொல் அவள் வாயிலிருந்து அவளுடைய சொந்தக் குரலில் வந்தது. ஓலை பிடித்துக்கொண்டது. ‘குப்’ என்று ஒரு சத்தம். எட்டு நாளாக ஊரை நிறைத்து நின்ற வாயு, தனக்கென்று ஓர் இடமும் அந்த இடத்துக்கு வந்து கேட்க ஓர் ஆளும் கிடைத்த திருப்தியில், நூற்றில் ஒரு பங்காகத் தன்னைச் சுருக்கிக்கொண்டு பழையபடி எல்லோர் மூச்சுக்குள்ளும் ஒதுங்கிக்கொண்டது. ராமையாவின் பாளையில் தீ ஏறியது. பவளம் டார்ச்சை எடுத்துவிட்டு முகமூடியைத் தூக்கி, “திறங்க கண்ணை!” என்றாள்.

ஊர் கண்ணைத் திறந்தபோது தீ கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. காலகாலமாக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போன தீ, அன்றைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது. தீ உண்டா, உண்டு வாங்க, தீ உண்டா, உண்டு வாங்க என்று கட்டம் கட்டமாக, வரிசை வரிசையாக, புகையும் சிரிப்பும் இருமலுமாக அது நடந்தது. முதலில் பொங்கியது அம்மாவின் பானைதான். நுரை எழும்பி, மஞ்சள் கொத்தைத் தூக்கிக்கொண்டு, கிழக்கே ஆயியைப் பார்த்து வழிந்தது. “பொங்கலோ பொங்கல்!” என்று ஊர் கூவியது. மேற்கோரத்தில் காற்று இன்னும் தெளியவில்லை. அங்கே நின்றவர்கள் கட்டைக் குரலில் தொடங்கிய கூவலைத் தங்கள் சொந்தக் குரலில் முடித்தார்கள். தொட்டில் பிள்ளைகள் பிள்ளைகள் மாதிரியே அழுதன. பெற்றவர்கள் அதைக் கேட்டு அழுதார்கள். மாதவி கரகம் இல்லாமலே ஆடினாள். மூக்கையா தன் பானை பொங்கினதைப் பார்த்து மணியடிக்க மறந்துபோய் உட்கார்ந்துவிட்டார். எல்லைக்கல் பக்கம் நாற்பது வண்டிகள் ஒன்றாக உறுமின. பவளத்துக்கு நெஞ்சு கொள்ளாத சந்தோஷம். அவள் அதை மறைக்கவும் இல்லை, இடுப்பில் கையூன்றிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

அப்போது மூன்றாம் வரிசை பத்தாம் கட்டத்திலிருந்து செல்லக்கண்ணு வந்தாள். அவள் அடுப்புக்குப் பக்கத்துக் கட்டத்திலிருந்தே தீ வந்திருக்கும். அவள் அதை வாங்கவில்லை. அணைந்த திரியை ஏந்திக்கொண்டு பவளத்தின் கட்டத்துக்கே வந்து நின்றாள்.

“தீ உண்டா பவளம்?” என்றாள்.

“அன்னைக்கு நான் கேட்டப்போ உங்க காது எங்கக்கா போச்சு?” என்றாள் பவளம்.

செல்லக்கண்ணு தலை குனிந்தாள். பவளம் அவள் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

“உண்டுக்கா, வாங்க,” என்றாள்.

செல்லக்கண்ணுவுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் இன்னும் சிலர், தங்கள் அடுப்பில் தீ இருந்தும் வந்தவர்கள். கேட்டவர்களுக்கெல்லாம் பவளம் கொடுத்தாள். அவள் அடுப்பில் தீ கொஞ்சமும் குறையவில்லை.